பீடத்தின் முன் பிறர் பாடல்: கத்தோலிக்கக் கோவில்களில் பிற சமயக் கலைகள் பற்றிய கருத்துவேறுபாடு

செயுத்தா, ஆப்பிரிக்காவின் வடகரையில் மொராக்கோவை ஒட்டி, ஸ்பெயினின் ஆட்சியில் இருக்கும் சிறு நகரம். 18.5 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் கிறித்தவர், இசுலாமியர், யூதர், இந்துக்கள் என நான்கு சமயத்தாரும் வாழ்கிறார்கள். அங்குள்ள இந்துக்களில் பெரும்பாலோர் வணிகத்துக்காகக் குடியேறிய சிந்திக் குடும்பங்களின் வழிவந்தவர்கள். 2017 ஆகஸ்ட் 27 அன்று அவர்கள் நடத்திய விநாயகர் ஊர்வலத்தில் திருவுருவம் ஊரின் பாதுகாவலியான ஆப்பிரிக்க மாதாவின் திருத்தலத்துக்குள் கொண்டுவரப்பட்டது. யாரும் அத்துமீறி நுழையவில்லை; அங்கிருந்த முதன்மைக் குருவே அனுமதித்து வரவேற்றார். காணொளி பரவியது, கண்டனங்கள் எழுந்தன. காதிஸ்-செயுத்தா மறைமாவட்ட ஆயர் ரஃபாயேல் சோர்னோசா, நடந்திருக்கக் கூடாதது நடந்துவிட்டது என்ற நிலைப்பாட்டை எடுத்தார். முதன்மைக் குரு பதவி விலகினார்.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 2004 மே மாதம், போர்த்துகலின் பாத்திமா திருத்தலத்தில் ஏறத்தாழ இதே போன்றதொரு நிகழ்வு நடந்தது. லிஸ்பனில் வாழும் இந்துக்கள் குழுவாகத் திருப்பயணம் வந்தார்கள். மொசாம்பிக் விடுதலை பெற்ற காலத்தில் அங்கிருந்து போர்த்துகலுக்குப் பெயர்ந்த குஜராத்திக் குடும்பங்கள் அச்சமூகத்தில் மிகுதி. மாதா காட்சி கொடுத்த இடமாகப் போற்றப்படும் சிற்றாலயத்தில் அவர்களுடைய அர்ச்சகர் அமைதிக்கான மந்திரங்களை ஓதினார். இதற்கும் உலகெங்கும் பழைமைவாதக் கத்தோலிக்கர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. ஆனால் திருத்தல நிர்வாகம் பின்வாங்கவில்லை. எந்தச் சடங்கும் நிகழவில்லை, மன்றாட்டு மட்டுமே பாடப்பட்டது என்று அது விளக்கம் தந்தது. திருத்தல அதிபர் 2008 வரை பொறுப்பில் நீடித்தார்.

ஒரே திருச்சபை, ஒரே சட்டத் தொகுப்பு, ஏறத்தாழ ஒரே செயல். ஓரிடத்தில் பதவி விலகல், மற்றோரிடத்தில் விளக்க அறிக்கை. இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம், பிற சமயத்தாரின் பாடலும் ஆடலும் கோவிலுக்குள் வருவதைப் பற்றிக் கத்தோலிக்கர்கள் உண்மையில் எதில் முரண்படுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1. சட்டம் எதை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது

விவாதத்தில் இறங்குவோர் இரு தரப்பிலும் திருச்சபைச் சட்டத்தையே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆகவே அதன் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1917ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு கத்தோலிக்கரல்லாதாரின் வழிபாட்டில் பங்கேற்பதையே தடுத்திருந்தது. பிற சமயப் பாடகர் ஒருவரைக் கோவிலுக்குள் அழைக்கலாமா என்ற கேள்வி அன்று எழ வழியில்லை. அக்காலத்தின் கவலை வேறு: கோவிலுக்குள் நாடக மேடையின் இசை நுழைந்துவிடக் கூடாது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903-ல் வெளியிட்ட ஆணை பியானோவையும் முரசு, தாளம் போன்ற ஓசை மிகுந்த கருவிகளையும் வழிபாட்டிலிருந்து விலக்கியது. 1958-ல் வெளியான திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரை, சமய இசைக் கச்சேரிகளுக்கு உரிய இடம் அரங்கமே என்றது. வேறு இடம் கிடைக்காமல் கோவிலில் நடத்துவதானால் ஆயரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், நற்கருணையை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், உள்ளே நுழைவுச்சீட்டு விற்கக் கூடாது என்று நிபந்தனைகள் விதித்தது.

1983-ல் வந்த இன்றைய சட்டத் தொகுப்பின் 1210ஆம் பிரிவுதான் இப்போது அடிப்படை. வழிபாடு, பக்தி, சமயம் ஆகியவற்றுக்குத் துணை செய்பவை மட்டுமே புனித இடத்தில் அனுமதிக்கத்தக்கவை. இடத்தின் புனிதத்துக்கு ஒவ்வாதவை விலக்கத்தக்கவை. எனினும் புனிதத்துக்கு முரணாகாத பிற பயன்பாடுகளை மறைமாவட்டத் தலைவர் தனித்தனி நேர்வுகளில் அனுமதிக்கலாம். இந்தப் பிரிவுக்கு விரிவுரையாகத் திருவழிபாட்டுப் பேராயம் 1987 நவம்பர் 5 அன்று ஆயர் பேரவைகளுக்கு ஒரு மடல் அனுப்பியது. கோவில்களில் நடக்கும் கச்சேரிகளைப் பற்றியது அம்மடல். நுழைவு இலவசமாக இருக்க வேண்டும். கலைஞர்களும் கேட்போரும் இடத்துக்கேற்ற உடையும் நடத்தையும் கொண்டிருக்க வேண்டும். கலைஞர்கள் பீடப்பகுதியில் அமரக் கூடாது. நற்கருணையைக் கூடுமானவரை பக்கச் சிற்றாலயத்துக்கோ வேறு தகுந்த இடத்துக்கோ மாற்ற வேண்டும். பாடப்படுவதைப் பற்றிய விளக்க உரை வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியே ஆயரின் அனுமதி பெற வேண்டும். விழாத் தொடர் முழுமைக்கும் ஒரே அனுமதி என்பது இல்லை.

இம்மடலின் எல்லை ஒரு வரையறையில் வெளிப்படுகிறது. திருவழிபாட்டுக்கென இயற்றப்பட்ட இசை ஒரு வகை. மறைநூலாலோ வழிபாட்டாலோ தூண்டப்பட்டு இறைவனையும் மரியாவையும் புனிதர்களையும் திருச்சபையையும் சுட்டும் இசை இன்னொரு வகை. இவை இரண்டும் கோவிலுக்குள் வரலாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் உலகியல் சூழலுக்கென இயற்றப்பட்ட சிம்பனி வரக் கூடாது. ஆக, மடலை எழுதியவர்களின் கண்முன் இருந்தவர்கள் ஐரோப்பிய இசைக்குழுக்கள். கச்சேரி அரங்காக மாறிக்கொண்டிருந்த பழைய பேராலயங்களை மீட்பதே அவர்களுடைய நோக்கம். ஒருபுறம் சமய இசை, மறுபுறம் உலகியல் இசை என்பதே அவர்கள் வகுத்த கோடு.

சூஃபி கவ்வாலியையோ பஜனையையோ இந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் வைப்பது? அவை உலகியல் இசை அல்ல, இறைவனையே பாடுகின்றன. ஆனால் கிறித்தவ மறைநூலிலிருந்து பிறந்தவையும் அல்ல. எந்த அளவுக்கு ஒரு பாடல் உண்மையான பக்தியோடு பாடப்படுகிறதோ அந்த அளவுக்குச் சிம்பனிக்கு எதிரான தடையிலிருந்து அது தப்புகிறது. அதே அளவுக்கு இன்னொரு சமயத்தின் வழிபாடு என்ற ஐயத்துக்குள் சிக்குகிறது. சட்டம் இதற்கென ஒரு விதியைத் தராமல், தனித்தனி நேர்வு என்ற வாசல் வழியாக ஆயரிடம் விட்டுவிடுகிறது. செயுத்தாவும் பாத்திமாவும் வெவ்வேறு முடிவுகளைக் கண்டதற்கு முதல் காரணம் இதுவே.

2. அசிசியின் நிழல்

இரண்டாவது காரணம் நினைவு சார்ந்தது. இந்த விவாதத்தில் ஈடுபடும் கத்தோலிக்கர் யாரும் 1986 அக்டோபர் 27-ஐ மறப்பதில்லை. அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உலகச் சமயத் தலைவர்களை அசிசி நகருக்கு அழைத்து அமைதிக்காக மன்றாடினார். ஒன்றாக மன்றாடுவதற்கு அல்ல, மன்றாடுவதற்காக ஒன்றுகூடியிருப்பதற்கே என்று அவர் கவனமாக வேறுபடுத்திச் சொன்னார். ஆயினும் வெவ்வேறு சமயத்தார் மன்றாட ஊரின் பல இடங்கள் ஒதுக்கப்பட்டன, அவற்றில் கோவில்களும் இருந்தன. பௌத்தர்களுக்குத் தரப்பட்ட புனித பேதுரு ஆலயத்தில் நற்கருணைப் பேழையின் மேல் புத்தர் சிலை வைக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. பழைமைவாதக் கத்தோலிக்கர்களின் தலைவராக விளங்கிய பேராயர் மார்செல் லெஃபெவ்ர் கடுமையாக எதிர்த்தார். 1988 சூன் 30 அன்று ரோமின் அனுமதியின்றி நான்கு ஆயர்களை அவர் திருநிலைப்படுத்தியபோது சொல்லப்பட்ட காரணங்களில் அசிசியும் ஒன்று.

ரோம் இந்த எதிர்ப்பைப் புறக்கணித்துவிட்டது என்று கருதுவது தவறு. 2002 சனவரியில் மீண்டும் அசிசியில் கூடியபோது பிற சமயத்தாருக்குக் கோவில்கள் தரப்படவில்லை. பிரான்சிஸ்கன் துறவு மடத்தின் அறைகள் ஒதுக்கப்பட்டன. கர்தினால் ராட்சிங்கர் அதையடுத்து எழுதியவற்றில் பல சமயத்தார் அருகருகே தத்தம் வழியில் மன்றாடுவதையும், எல்லாரும் கலந்து ஒரே மன்றாட்டைச் செய்வதையும் வேறுபடுத்தினார். முன்னது அரிதாக, நிபந்தனைகளோடு ஏற்கத்தக்கது, பின்னது ஐயத்துக்குரியது. அவரே பதினாறாம் பெனடிக்டாக 2011-ல் கூட்டிய அசிசி சந்திப்பில் பொதுவில் மன்றாட்டுகள் இடம்பெறாதபடி நிகழ்ச்சி அமைக்கப்பட்டது. அப்படியிருந்தும் வானவர்களின் மாதா பேராலயத்துக்குள் யொரூபா மரபின் பிரதிநிதியாக வந்த வாந்தே அபிம்போலா தம் உரையினூடே தம் மரபின் மந்திரத்தைப் பாடினார்; எதிர்ப்பாளர்கள் அதையும் விடவில்லை.

பேச அழைக்கப்பட்டவர் பாடினார். தம் மரபில் பேச்சும் பாட்டும் பிரியாதவை என்பதால் பாடினார். எவ்வளவு கவனமாக நிகழ்ச்சி நிரல் வகுத்தாலும் விருந்தினரின் மரபு, அழைத்தவரின் வகைப்பாட்டுக்குள் அடங்குவதில்லை. கோவில்களில் கலைநிகழ்ச்சி என்று அறிவித்து அழைக்கும் எல்லாப் பங்குகளும் எதிர்கொள்ளும் சிக்கல் இது.

3. வழிபாடு எப்படி நிகழ்ச்சியாகிறது

பிற சமயக் கலைகளை வரவேற்கும் கத்தோலிக்கர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் எளிமையானது: இது வழிபாடு அல்ல, கலை. இந்தப் பதில்தான் இந்த விவாதத்தின் மிகப் பலவீனமான கண்ணி என்பது என் கருத்து. அது தவறான பதில் என்பதற்காக மட்டும் அல்ல; விருந்தினருக்கு அது இழைக்கும் சிறுமைக்காகவும்.

மௌலவி தர்வேசுகளின் சுழல் நடனத்தை எடுத்துக்கொள்வோம். மேற்கு நாடுகளில் கலைநிகழ்ச்சியாகப் பெரிதும் விரும்பி அழைக்கப்படுவது அது. மௌலானா ரூமியின் வழிவந்தோருக்கு அச்சுழற்சி இறைநினைவு, அதாவது ஒரு திக்ரு. 1925-ல் துருக்கிக் குடியரசு தர்கா மடங்களைச் சட்டப்படி மூடியபோது அந்த வழிபாடும் தடையானது. 1950-களில் கொன்யா நகரில் ரூமியின் நினைவு நாளையொட்டி அது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது, பண்பாட்டு நிகழ்ச்சியாக. வழிபாடாக இருந்தால் தடை, நிகழ்ச்சியாக இருந்தால் அனுமதி என்ற அரசியல் சூழலில் அந்தப் பெயர்மாற்றம் நேர்ந்தது. பின்னர் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் அது சேர்ந்தது. சுழல்பவரின் உள்ளத்தில் அது எப்போது வழிபாடாக இல்லாமல் போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. கோவிலின் சதிர், 1930-களில் சபா மேடைக்கு வந்து பரதநாட்டியமானது. 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்தது. வழிபாட்டு மரபு சமூகக் காரணங்களால் மேடைக் கலையாக மறுபிறப்பு எடுத்தது. ஆனாலும் இன்றுவரை மேடையில் நடராசர் சிலை வைத்து, விளக்கேற்றி, புஷ்பாஞ்சலியோடு தொடங்குகிற கச்சேரிகள் பல. அதைக் கலை என்பதா, வழிபாடு என்பதா? ஆடுபவர்களே இருவிதமாகவும் பதில் சொல்வார்கள்.

ஆகவே கலை, வழிபாடு என்ற இரண்டு பெட்டிகளும் அழைப்பவரின் வசதிக்காக வரும் முன்பே வரலாற்றாலும் அரசாலும் சந்தையாலும் பலமுறை மாற்றிப் பூட்டப்பட்டவை. ஒரு பங்குத்தந்தை துண்டறிக்கையில் "கலைநிகழ்ச்சி" என்று அச்சிடுவதால் உண்மை மாறிவிடாது. எதிர்ப்பவர்கள் இதைச் சரியாகவே பார்க்கிறார்கள். இறைவனை விளிக்கும் பாடலை வெறும் ஓசை என்று சொல்ல அவர்கள் மறுப்பது, ஒருவகையில் பாடுபவரின் நம்பிக்கைக்கு அவர்கள் தரும் மதிப்பு. வரவேற்பவர்கள் அந்த மதிப்பைத் தரத் தவறிவிடுகிறார்கள்.

4. தமிழகத்தின் மூன்று சாட்சியங்கள்

இக்கேள்வியின் தலைகீழ் வடிவம் தமிழகத்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. மதுரை மறைபணித்தளத்தின் நடைமுறைகளை ஆராயத் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704 சூன் 23 அன்று பிறப்பித்த ஆணையில் பல வழக்கங்களைத் தடைசெய்தார். இந்துக் கோவில் விழாக்களில் கிறித்தவர்கள் இசைக்கருவி வாசிப்பதும் அவற்றுள் ஒன்று. வாசித்தவர்களுக்கு அது தொழில். ஊருக்குச் செய்யும் கடமையும்கூட. தவிலையும் குழலையும் வாசிப்பவர் எந்தக் கடவுளை நினைத்து வாசிக்கிறார் என்று ஊர் கேட்கவில்லை, ரோம் கேட்டது. 1744-ல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், மலபார் சடங்குகள் எனப்பட்ட இவ்வழக்கங்கள் பற்றிய சர்ச்சையை முடித்துவைத்தார். இத்தடைகளைக் கடைப்பிடிப்பதாக மறைபணியாளர்கள் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940-ல்தான் நீக்கப்பட்டது. இசைக்கும் கையும் நம்பிக்கை கொள்ளும் மனமும் ஒன்றா என்ற கேள்விக்குத் திருச்சபை அன்று கடுமையாக ஆம் என்றது. செயுத்தாவில் கேட்டது அதே பதிலின் எதிரொலி.

இரண்டாவது சாட்சியம் பண்பாட்டுமயமாக்கல் விவாதம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969-ல், ஆரத்தி, குத்துவிளக்கு, தரையில் அமர்தல் முதலான பன்னிரண்டு வழக்கங்களை இந்தியத் திருப்பலியில் ஏற்க ரோம் இசைந்தது. இதற்குப் பெரிதும் உழைத்தவர் தமிழரான அருட்தந்தை அமலோற்பவதாஸ். 1977-ல் திருச்சியில் அருட்தந்தை ஜார்ஜ் தொடங்கிய கலைக்காவிரி பரதத்தில் விவிலியக் கதைகளை ஆடியது. சென்னையைச் சேர்ந்த பொதுநிலையினர் விக்டர் குழந்தை 1980-களில் எழுதிய நூல், இவையெல்லாம் இந்தியத் திருச்சபையைப் பிற சமயமயமாக்குகின்றன என்று குற்றஞ்சாட்டியது. ஆனால் கத்தோலிக்கர் ஒருவர் பரதத்தின் முத்திரைகளால் கிறித்துவை ஆடிக் காட்டுவதும், இந்து ஒருவர் தம் தெய்வத்தைக் கோவிலுக்குள் பாடுவதும் ஒரே வகைச் செயல்கள் அல்ல. முன்னதில் மொழி கடன், பின்னதில் விருந்து. இரண்டையும் ஒரே குற்றப்பட்டியலில் சேர்ப்பதால்தான் உள்நாட்டு எதிர்ப்பு வலுவிழந்து போகிறது.

மூன்றாவது, 2018 ஆகஸ்ட். கர்நாடக இசைக் கலைஞர்கள் சிலர் கிறித்தவப் பாடல்களைப் பாடுவதை எதிர்த்து மிரட்டல்கள் கிளம்பின, ஓ.எஸ். அருண் ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சியிலிருந்து விலகினார். இனி மாதந்தோறும் இயேசுவையோ அல்லாவையோ பாடும் பாடலை வெளியிடுவேன் என்று பாடகர் டி.எம். கிருஷ்ணா அறிவித்தார். மிரட்டியவர்களின் வாதத்தையும் செயுத்தாவை எதிர்த்தவர்களின் வாதத்தையும் அருகருகே வைத்தால் அடித்தளம் ஒன்றாகவே தெரிகிறது: பாடல் அதன் கடவுளிடமிருந்து பிரியாது. ஒரு தரப்பு அதை மிரட்டலாக்கியது, மற்றது முறையீடாக்கியது. அந்த வேறுபாடு பெரியது. ஆனாலும் இதே கருத்தை வெவ்வேறு சமயங்களில் உறுதியாக நம்புவோர் இருக்கும்போது, அது வெறும் குறுகிய மனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

5. எதிர்ப்பு எங்கே வலுவானது, எங்கே தவறுகிறது

எதிர்ப்பாளர்களின் மைய வாதம் கட்டடத்தைப் பற்றியது. கத்தோலிக்கருக்குக் கோவில் ஒரு கூட்ட அரங்கம் அல்ல. நேர்ந்தளிக்கப்பட்டது, எண்ணெய் பூசி அர்ச்சிக்கப்பட்டது, பேழையில் கிறித்துவின் உடல் இருக்கும் இடம். அங்கே இன்னொரு தெய்வத்துக்கு வணக்கம் செலுத்தினால் அது முதல் கட்டளையைத் தொடுகிறது. இந்த நம்பிக்கையை ஏற்காதவர்களும் அதன் உள்ளொழுங்கை மதிக்க முடியும். தம் கருவறையின் எல்லையைத் தாமே வகுக்கும் உரிமை எல்லாச் சமயத்துக்கும் உண்டு.

அது தவறும் இடம் வேறு. பிற சமயத்தாரின் வருகையே தீட்டு என்பதுபோல் சிலர் பேசுகிறார்கள். வேளாங்கண்ணியில் ஆண்டுதோறும் எண்ணற்ற இந்துக்கள் மொட்டை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, மாதாவிடம் நேர்ந்துகொள்கிறார்கள். அவர்களில் பலர் மனத்தில் மாதா அம்மனின் இன்னொரு வடிவம். அதை எந்த ஆயரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டும் என்று கேட்பவரும் அரிது. ஆகவே சிக்கல் தனிமனித பக்தியில் இல்லை. தன் அர்ச்சகரோடும் தன் திருவுருவத்தோடும் ஒரு சமூகம் பொதுவில் செய்யும் செயல்தான் சிக்கலாகிறது. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட பிற சமயங்கள் பற்றிய அறிக்கை, அவற்றிலுள்ள உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது. அதை ஏற்பவர் பாடுபவரைத் தீட்டாகக் கருத முடியாது. பாடும் இடத்தைப் பற்றி மட்டுமே வாதிடலாம்.

6. என் முடிவு

அழைப்பவர் நிகழ்ச்சிக்கு என்ன பெயர் வைக்கிறார் என்பதை விடுத்து, பாடப்போகிறவரிடமே கேட்க வேண்டும்: இது உங்களுக்கு வழிபாடா? ஆம் என்றால், கோவில் வளாகத்திலோ பங்கு மண்டபத்திலோ தக்க மரியாதையோடு இடம் தர வேண்டும். நற்கருணைப் பேழையின் முன் அவர் தம் தெய்வத்தைப் பாடுவதை ஒரு காட்சிப்பொருளாக்கக் கூடாது. அது அவருக்கும் நேர்மையல்ல, பங்கு மக்களுக்கும் அல்ல. கேட்டு மகிழவும் சிந்திக்கவும் பாடுகிறோம் என்று அவரே சொன்னால் 1987ஆம் ஆண்டு மடலின் நடைமுறையே போதும்: முன்கூட்டிய எழுத்துமூல அனுமதி, நற்கருணையை இடம்மாற்றுதல், பீடப்பகுதியை விட்டு விலகி நிற்றல், பாடுவதன் பொருளை விளக்கும் உரை. இந்த நான்கும் நிறைவேறிய ஒரு சூஃபி இசை மாலையைக் கோவிலின் நடுக்கூடத்தில் கேட்பதில் திருச்சபைச் சட்டத்துக்கு முரணானது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

செயுத்தாவில் நடந்ததை இந்த அளவுகோலால் பார்த்தால் ஆயரின் கொள்கை நிலைப்பாடு சரி என்றே சொல்ல வேண்டும். திருவுருவத்தோடு வந்த ஊர்வலம் வழிபாடுதான். திருத்தலத்தின் வாசலில் அதை மாலையோடு வரவேற்றிருந்தால் போதுமானது. ஆனால் நிகழ்வுக்குப் பின் வந்த கண்டனத்தின் சுமை அன்போடு வந்த சிந்திக் குடும்பங்களின் மேலும் விழுந்தது. மாதாவுக்கு வணக்கம் செலுத்த வந்தவர்கள் ஒரு பெரும் தவறின் காரணிகளாக உலகச் செய்திகளில் காட்டப்பட்டார்கள். வீட்டுக்குள் தீர்த்துக்கொண்டிருக்க வேண்டிய சண்டை விருந்தினரின் முன் நடந்தது. இதற்குப் பொறுப்பு, தெளிவான விதிகளை முன்கூட்டியே தராத திருச்சபை நிர்வாகத்துக்கே உரியது.

அந்த விதிகளை ரோமிலிருந்து எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கச்சேரிகளுக்கென எழுதப்பட்ட மடலை அடியொற்றி, பிற சமயத்தாரின் பாடல், ஆடல், ஊர்வலம் ஆகியவற்றுக்குக் கோவிலின் எந்தப் பகுதி, யாருடைய அனுமதி, என்ன முன்னறிவிப்பு என்பதை ஒவ்வொரு ஆயர் பேரவையும் தன் நாட்டின் சூழலுக்கேற்ப எழுதி வெளியிட முடியும். பல சமயத்தார் ஒரே தெருவில் வாழும் நம் நாட்டின் ஆயர்கள் அதை முதலில் செய்ய வேண்டும்; அந்த வரைவைப் பங்கு மக்களோடும், அழைக்கப்படப்போகும் பிற சமயத்தாரோடும் கலந்து எழுத வேண்டும்.